பாஸ்புக் வந்துவிட்டது, கடன் எப்போது வரும்?

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வங்கியைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக் கொண்டார்கள். வங்கி என்றதும் நம்மில் பலர் முகத்தைத் திருப்பிக் கொள்கிறோம். 'அது வட்டிக்கடை, நமக்கு எதற்கு?' என்கிறார் ஒருவர். 'போனாலும் நமக்குக் கொடுக்கவா போகிறான்?' என்கிறார் இன்னொருவர். இரண்டு பேச்சிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் அதே நாள் மாலையில் இந்த இருவரின் கடை வாசலிலும் தண்டல்காரன் பைக்கை நிறுத்தி நோட்டுப் புத்தகத்தை நீட்டுகிறானே, அதற்கு என்ன பதில்?

இந்திய ரிசர்வ் வங்கி பல பத்தாண்டுகளாக ஏழை எளியவர்களை வங்கிக்குள் கொண்டுவர முயன்று வருகிறது. கணக்குத் திறப்பதில் அது பெரிய அளவில் வெற்றி பெற்றிருக்கிறது. கடன் கொடுப்பதில் அந்த வெற்றி நம் தெரு வரை வந்து சேரவில்லை. ஏன் வரவில்லை, அதற்கு ரிசர்வ் வங்கியே எழுதி வைத்திருக்கும் விதிகள் என்ன, அவற்றை நாம் எப்படிக் கேட்டு வாங்குவது என்பதுதான் இன்று நான் பேச வந்த விஷயம்.

தொடக்கம் எங்கே?

ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் 1 அன்று தொடங்கப்பட்டது. 1949-ல் அரசுடைமையானது. கிராமத்து மனிதனுக்கு யார் கடன் கொடுக்கிறார்கள் என்று கண்டறிய அது கோர்வாலா தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1951-52ஆம் ஆண்டு நிலவரத்தை ஆராய்ந்த அந்தக் குழு 1954-ல் அறிக்கை தந்தது. விவசாயிகள் வாங்கிய கடனில் வணிக வங்கிகளின் பங்கு 1 சதவீதம்கூட இல்லை. கூட்டுறவுச் சங்கங்களின் பங்கு சுமார் 3 சதவீதம். வட்டிக்குக் கொடுப்பவர்களின் பங்கு ஏறக்குறைய 70 சதவீதம்! சுதந்திரம் பெற்ற நாட்டில் விவசாயியின் கழுத்து லேவாதேவிக்காரன் கையில் இருந்தது.

அதன் பிறகு ஒவ்வொன்றாக நடவடிக்கைகள் வந்தன. 1955-ல் ஸ்டேட் வங்கி உருவானது. 1969 ஜூலை 19 அன்று 14 பெரிய வங்கிகள் தேசியமயமாயின. அதே ஆண்டின் இறுதியில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு வங்கியைப் பொறுப்பாக்கும் முன்னோடி வங்கித் திட்டத்தை ரிசர்வ் வங்கி கொண்டுவந்தது. 1977-ல் ஒரு கண்டிப்பான விதி வந்தது. ஏற்கெனவே வங்கிக் கிளை இருக்கும் ஊரில் இன்னொரு கிளை திறக்க வேண்டுமா? அப்படியானால் கிளையே இல்லாத நான்கு ஊர்களில் முதலில் திற! இந்த விதி 1990 வரை இருந்தது. 1969-ல் நாடு முழுவதும் எட்டாயிரத்துச் சொச்சமாக இருந்த கிளைகள் 1990 வாக்கில் அறுபதாயிரம் அளவுக்குப் பெருகின.

லாபத்தை மட்டும் பார்த்திருந்தால் எந்த வங்கியும் அந்தக் கிராமங்களுக்குப் போயிருக்காது. விதி போட்டதால் போனார்கள். விதிக்கு வலிமை உண்டு என்பதற்கு இதுவே சான்று.

மங்கலம் காட்டிய வழி

கிளை வந்தும் ஏழை உள்ளே போகவில்லை. காரணம், குறைந்தபட்ச இருப்பு, அறிமுகக் கையெழுத்து, ஆயிரம் காகிதம்! 2005-ல் ரிசர்வ் வங்கி இதைக் கவனத்தில் எடுத்தது. அப்போது ஆளுநராக இருந்தவர் ஒய்.வி.ரெட்டி. இருப்பே இல்லாமலோ மிகக் குறைந்த இருப்பிலோ கணக்குத் தொடங்கலாம் என்று 2005 நவம்பரில் வங்கிகளுக்கு அறிவுறுத்தப்பட்டது.

அதன் முதல் சோதனை நமக்குப் பக்கத்தில்தான் நடந்தது. புதுச்சேரியில் உள்ள மங்கலம் என்ற கிராமத்தில் இந்தியன் வங்கி வீடு வீடாகச் சென்று கணக்குத் தொடங்கியது. எல்லாக் குடும்பங்களுக்கும் வங்கிச் சேவை கிடைத்த நாட்டின் முதல் கிராமம் என்ற பெயரை 2005 டிசம்பரில் அது பெற்றது.

2006 ஜனவரியில் வங்கி முகவர்களை நியமிக்க அனுமதி வந்தது. ஊருக்குள் ஒரு சிறிய இயந்திரத்தோடு உட்கார்ந்து பணம் போட, எடுக்க உதவுகிறவர்கள் இவர்கள்தாம். குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கை எல்லா வங்கிகளும் தர வேண்டும் என்று 2012-ல் உத்தரவானது. 2014 ஆகஸ்ட் 28 அன்று மத்திய அரசு ஜன்தன் திட்டத்தைத் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் ஜன்தன் கணக்குகள் 56 கோடியைத் தாண்டின. அவற்றில் பாதிக்கு மேல் பெண்களுடையவை. உலக வங்கியின் கணக்கெடுப்புப்படி இந்தியாவில் கணக்கு வைத்திருந்த வயது வந்தோர் 2011-ல் 35 சதவீதம். 2024-ல் அது 89 சதவீதம்.

இதைக் குறைத்துப் பேசக் கூடாது. எந்த அரசு செய்தது என்ற அரசியல் வேறு. கைவண்டிக்காரரும் பீடி சுற்றும் தாயும் பாஸ்புக் வைத்திருப்பது நல்ல விஷயம்தான்.

கணக்கு தூங்குகிறது

ஆனால் அந்த 56 கோடியில் ஐந்தில் ஒன்றுக்கு மேற்பட்டவை இயக்கமில்லாமல் கிடந்தன. வெறும் கணக்கு எண்ணிக்கையால் பயனில்லை என்பது ரிசர்வ் வங்கிக்கும் தெரியும். 2021 முதல் அது ஆண்டுதோறும் ஒரு குறியீட்டை வெளியிடுகிறது. வங்கிச் சேவை நூற்றுக்கு எவ்வளவு மக்களைச் சென்றடைந்திருக்கிறது என்று அளக்கும் மதிப்பெண் அது. சேவை எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்பதற்கு 35 பங்கு. மக்கள் அதைப் பயன்படுத்துகிறார்களா என்பதற்கு 45 பங்கு. தரம் எப்படி என்பதற்கு 20 பங்கு. ஆக, பயன்படுத்துவதற்கே அதிக மதிப்பு! 2021 மார்ச்சில் 53.9 ஆக இருந்த இந்த மதிப்பெண் 2025 மார்ச்சில் 67 ஆனது. ஏறியிருக்கிறது. நூற்றை எட்ட இன்னும் தூரம் இருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு ஆண்டுகள் நீங்கள் தொடாத கணக்கு இயக்கமற்றதாகிவிடும். பத்து ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தால் அந்தப் பணம் ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் ஒரு நிதிக்குப் போய்விடும். அது உங்கள் பணம்தான், வங்கி வழியாகக் கேட்டால் திரும்பக் கிடைக்கும். ஆனால் கேட்க வேண்டும். தகப்பனார் பெயரில் எங்கோ ஒரு பழைய கணக்கு இருக்கலாம். வீட்டில் இருக்கும் பழைய பாஸ்புக்குகளை எடுத்துப் பாருங்கள்.

கடன் என்று வரும்போது

இப்போது நம் சமுதாயத்துக்கு வருவோம். 2006 நவம்பரில் சச்சார் குழு தந்த அறிக்கையில் வங்கிக் கடனுக்கென்று தனி அத்தியாயமே உண்டு. முன்னுரிமைத் துறைக் கடன் கணக்குகளில் முஸ்லிம்களின் பங்கு 12 சதவீதத்தை ஒட்டி இருந்தது. எண்ணிக்கை பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் நிலுவையில் இருந்த கடன் தொகையில் நம் பங்கு 5 சதவீதத்துக்கும் குறைவு! பத்துப் பேர் கடன் வாங்கினாலும் கிடைத்ததெல்லாம் சில்லறை என்பதுதான் இதன் பொருள். சில வங்கிகள் குறிப்பிட்ட பகுதிகளை 'வேண்டாத பகுதிகள்' என்று ஒதுக்கி வைத்து, அங்கே கடன் கொடுக்கத் தயங்குவதையும் அந்தக் குழு பதிவு செய்தது.

வங்கி தராத இடத்தில் யார் தருகிறார்கள்? தண்டல் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். பத்தாயிரம் ரூபாய் என்று பேசுவான். முதலிலேயே 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் கொடுப்பான். தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். 'நூறு நாளில் 1,500 ரூபாய்தானே' என்று நினைக்கிறோம். ஆனால் அசல் ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டே வருகிறது அல்லவா? அதைச் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி 100 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஒரு மளிகைக் கடையில் இந்த அளவு லாபம் யாருக்குக் கிடைக்கிறது? அப்படியானால் அந்தக் கடை யாருக்காக நடக்கிறது?

கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல், நாள் வட்டி, மணி வட்டி எல்லாவற்றையும் பெயர் சொல்லித் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது. இருந்தும் என்ன? மாற்று வழி இல்லாதவன் சட்டத்தைத் தேடிப் போவதில்லை. மறுநாள் சரக்கு எடுக்க யாரிடம் போவது என்றுதான் பார்க்கிறான்.

நம் வீட்டுப் பெண்களின் நிலையும் இதுதான். குழுக் கடன் என்று வாரந்தோறும் வசூலிக்க வருகிறார்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். 2010-ல் ஆந்திராவில் இந்தத் தொழில் எவ்வளவு பெரிய நெருக்கடியில் முடிந்தது என்பதை நாடே பார்த்தது. அதற்குப் பின் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது. 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் எல்லாக் கடன் தவணைகளுக்குமாகப் போகும்படி நுண்கடன் கொடுக்கக் கூடாது. இந்த ஒரு விதியை உங்கள் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

எழுதப்பட்ட உரிமைகள்

இனி நான் சொல்வதைக் குறித்துக் கொள்ளுங்கள்.

முதலாவது, வங்கிகள் தங்கள் கடனில் 40 சதவீதத்தை விவசாயம், சிறுதொழில் உள்ளிட்ட முன்னுரிமைத் துறைகளுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதற்குள் நலிந்த பிரிவினருக்கு என்று 12 சதவீதம், குறுந்தொழில்களுக்கு 7.5 சதவீதம் என உள் இலக்குகள் உண்டு. நலிந்த பிரிவினர் பட்டியலில் அறிவிக்கப்பட்ட சிறுபான்மையினரும் இருக்கிறார்கள். கடன் கேட்டுப் போகும்போது கை கட்டி நிற்கத் தேவையில்லை. உங்களுக்குக் கொடுத்தால் அந்த வங்கியின் இலக்குக் கணக்கில் அது ஏறுகிறது.

இரண்டாவது, வணிகர்களுக்கு 2021 ஜூலையில் ஒரு நல்ல மாற்றம் வந்தது. சில்லறை, மொத்த வணிகர்களும் உத்யம் பதிவு செய்துகொண்டு, முன்னுரிமைத் துறைக் கடனுக்கு மட்டும் சிறுதொழில் வரிசையில் சேரலாம் என்று ஆக்கப்பட்டது. இந்தப் பதிவுக்கு அரசு கட்டணம் வாங்குவதில்லை. எத்தனை கடைக்காரர்கள் பதிந்திருக்கிறோம்?

மூன்றாவது, குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்து ஈடு கேட்கக் கூடாது என்று 2010-ல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. 'வீட்டுப் பத்திரம் கொண்டு வா' என்று சொன்னால் இந்த விதியை மரியாதையோடு எடுத்துச் சொல்லுங்கள்.

நான்காவது, கடன் விண்ணப்பம் மறுக்கப்பட்டால் அதற்கான முக்கியக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். 2003-ல் சிறு கடன்களுக்கு வந்த இந்த விதி 2007-ல் எல்லாக் கடன்களுக்கும் விரிந்தது. நம்மவர்கள் செய்வது என்ன? மேனேஜரைப் பார்க்கிறோம். 'இப்போது முடியாது, அப்புறம் வாருங்கள்' என்கிறார். திரும்பி வந்துவிடுகிறோம். விண்ணப்பமே கொடுக்காதவனை மறுத்ததாக எந்தப் பதிவேட்டிலும் இருக்காது! எழுதிக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள், மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வங்கியிடம் புகார் தந்து 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி தரவில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணம் இல்லாமல் முறையிடலாம். கடன் கொடுத்தே தீர வேண்டும் என்று அவர் உத்தரவிட மாட்டார். வங்கி விதியை மீறியிருந்தால் கேட்பார்.

அதே நேரத்தில் மேனேஜரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அவர் கையில் இருப்பது மக்கள் போட்ட பணம். மாதம் மூன்று லட்சத்துக்கு வியாபாரம் செய்கிறேன் என்று நாம் சொன்னால் போதாது, காகிதம் வேண்டும். நம் நாள்வழி சிட்டையில் எழுதி மாலையில் கிழித்துப் போடப்படுகிறது. கல்லாப் பணம் வங்கியைப் பார்ப்பதே இல்லை. இதை மாற்றுங்கள். கடைக்கென்று ஒரு நடப்புக் கணக்கு வைத்து அன்றாட வரவை அதில் செலுத்துங்கள். வாடிக்கையாளர் கைப்பேசியில் செலுத்தும் பணமும் அதே கணக்கில் விழட்டும். ஓராண்டு இப்படி நடந்தால் உங்கள் வியாபாரத்துக்கு அந்தக் கணக்கே சாட்சி. 2017 முதல் ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் கடன் வரலாற்று அறிக்கையை இலவசமாகப் பெறலாம். மக்கள் சிபில் என்று சொல்வது இதைத்தான். யாருக்கோ ஜாமீன் போட்டு அவர் கட்டாமல் விட்டது உங்கள் பெயரில் நிற்கிறதா என்பதை அதில் தெரிந்துகொள்ளலாம்.

வட்டி வேண்டாதவனுக்கு என்ன வழி?

இங்கே பல சகோதரர்கள் மனதில் ஒரு கேள்வி எழுந்திருக்கும். 'வட்டி ஹராம் என்று நம்புகிறவன் இந்தக் கடனை எப்படி வாங்குவான்?' மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை, அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள். ஆனால் இது வங்கிச் சேவை பற்றிய கேள்வியும்தான். நம்பிக்கையின் காரணமாக ஒரு மனிதன் வங்கியை விட்டு விலகி நின்றால் அவனும் விடுபட்டவன்தான்.

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. ரகுராம் ராஜன் தலைமையில் திட்டக்குழு அமைத்த குழு 2008-ல் வட்டியில்லா வங்கி முறைக்கு வழி செய்யச் சொன்னது. ரிசர்வ் வங்கியே அமைத்த தீபக் மொகந்தி குழு, வழக்கமான வங்கிகளிலேயே வட்டியில்லாப் பிரிவு திறக்கலாம் என்று 2015-ல் பரிந்துரைத்தது. ஆனால் 2017-ல் ரிசர்வ் வங்கி இந்த யோசனையைக் கைவிட்டது. எல்லாக் குடிமக்களுக்கும் வங்கிச் சேவை பெறப் பரவலான, சமமான வாய்ப்பு இருக்கிறது என்பது அது தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் சொன்ன காரணம். வாய்ப்பு சமமாக இருந்தால் சச்சார் குழு கண்ட அந்த 5 சதவீதக் கணக்கு எங்கிருந்து வந்தது?

மலேசியா இதற்கென்று 1983-லேயே சட்டம் இயற்றியது. 1993-ல் அங்கே வழக்கமான வங்கிகளுக்குள்ளேயே வட்டியில்லாப் பிரிவுகள் வந்தன. முஸ்லிமல்லாதவர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள். வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தைத் திருத்தினால்தான் இங்கே இது முழுமையாக வரும் என்றால், அது நாடாளுமன்றத்தின் வேலை. தேர்தல் நேரத்தில் நம்மிடம் வருகிறவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் இதையும் சேருங்கள்.

ஒரு எச்சரிக்கை. சட்டப்படியான வழி இல்லாத இடத்தில் மோசடிக்காரன் நுழைகிறான். 'ஹலால் முதலீடு, மாதந்தோறும் லாபம்' என்று சொல்லிப் பெங்களூரில் பணம் திரட்டிய ஐ.எம்.ஏ நிறுவனம் 2019-ல் சரிந்தது. பணம் போட்டிருந்த ஆயிரக்கணக்கானோரில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். மகள் திருமணத்துக்கு வைத்திருந்த பணம், ஓய்வுக்காலப் பணம் எல்லாம் அதில் போனது. தாடியையும் தொப்பியையும் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். பொதுமக்களிடம் பணம் பெற ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். ஜமாஅத்துகள் நடத்தும் வட்டியில்லாக் கடன் உதவி இதிலிருந்து வேறானது. அது தர்மப் பணம், தேவைப்பட்டவனுக்கு அழகிய கடன். அதற்கும் ஒழுங்கான பேரேடும் ஆண்டுத் தணிக்கையும் வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

சிறுபான்மையினர் நான்கில் ஒரு பங்காவது வாழும் மாவட்டங்கள் என 121 மாவட்டங்கள் அடையாளம் காணப்பட்டு, அங்கே கடன் ஒழுங்காகப் போகிறதா என்று தனியே கண்காணிக்கும் ஏற்பாடு உண்டு. 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் முஸ்லிம்கள் 6 சதவீதத்துக்கும் குறைவு. இந்த அளவுகோலில் நம் மாவட்டங்களில் பெரும்பாலானவை வராது. ஆகவே நம் கணக்கை நாம்தான் கேட்க வேண்டும்.

கேட்கும் இடமும் இருக்கிறது. 1969-ல் வந்த அந்த முன்னோடி வங்கித் திட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் முன்னோடி வங்கி மேலாளர் ஒருவர் உண்டு. ஆட்சியர் தலைமையில் வங்கிகளின் ஆலோசனைக் குழு கூடுகிறது. ரிசர்வ் வங்கி அதிகாரியும் அதில் பங்கேற்கிறார். சிறுபான்மையினருக்கு நம் மாவட்டத்தில் எவ்வளவு கடன் போனது என்ற கேள்வியை ஆட்சியரிடம் மனுவாகக் கொடுப்போம். இலக்கை எட்டாத வங்கி, அதிகமாகக் கொடுத்த இன்னொரு வங்கியிடம் சான்றிதழ் வாங்கிக் கணக்கை நிரப்பிக்கொள்ள 2016 முதல் வழி இருக்கிறது. அதனால் வங்கியின் மொத்தக் கணக்கு சரியாக இருந்தாலும் நம் தெருவுக்குப் பத்து ரூபாய்கூட வராமல் போகலாம். மாவட்ட வாரியாகக் கணக்குக் கேட்க வேண்டிய காரணம் இதுதான்.

இளைஞர்களே! பட்டதாரிகளாக, கணினி தெரிந்தவர்களாக இருக்கிறீர்கள். பள்ளிவாசல் வளாகத்திலோ வணிகர் சங்கக் கட்டிடத்திலோ வாரம் ஒரு மாலை உட்காருங்கள். கடைக்காரர்களுக்கு உத்யம் பதிவு செய்து கொடுங்கள். தூங்கும் கணக்குகளை எழுப்ப உதவுங்கள். விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். எந்தக் கிளையில், எந்தத் தேதியில், யார், எவ்வளவு கேட்டார்கள், என்ன பதில் வந்தது என்று ஒரு பதிவேட்டில் குறித்து வையுங்கள். மதம் பார்க்காமல் தெருவில் உள்ள எல்லாக் கடைக்காரர்களுக்கும் செய்யுங்கள். தண்டல்காரன் மதம் பார்ப்பதில்லை.

ஆறு மாதம் கழித்து அந்தப் பதிவேட்டோடு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போவோம். அப்போது நம் கையில் தேதியும் தொகையும் வங்கி தந்த எழுத்துப்பூர்வமான பதிலும் இருக்கும். வெறும் புலம்பலுக்குக் கிடைக்காத பதில் அந்தப் பதிவேட்டுக்குக் கிடைக்கும், இன்ஷா அல்லாஹ். முதல் பக்கத்தை இந்த வாரமே எழுதத் தொடங்குங்கள். வஸ்ஸலாம்.